வி.தா. உள்ளே வரக்கூடாது

எங்க தடியனுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கலாமா, கூடாதா? இவ்வளவுதாங்க நான் கேட்டது. நாட்டையா எழுதிக் கேட்டேன்? கொடுக்கலாம்னா கொடுக்கறேன், கூடாதுன்னா பாட்டிலைக் கொண்டுபோய்ச் சாக்கடையில கவுத்துடறேன். இதைத் தெரிஞ்சுக்க எனக்குப் பதினோரு வாரம் ஆச்சு. அந்தப் பதினோரு வாரத்துல நான் ஏறி இறங்கின படியை அடுக்கி வெச்சா நிலாவுக்கே போயிருக்கலாம்.

தடியன் எங்க நாய். பன்னெண்டு வயசு. பேருக்கேத்த உடம்பு. பஸ் ஸ்டாப் பக்கத்துல நான் சாவி போடற கடை வெச்சிருக்கேன். கடை வாசல்ல படுத்துக்கிட்டு, வர்றவங்க போறவங்களை அவன்தான் மேற்பார்வை பார்ப்பான். இந்த வருஷம் இடுப்பு மூட்டு தேஞ்சு போச்சு. எழுந்திருக்கும்போது முன்னங்கால் ரெண்டும் எழுந்துடும், பின்னங்கால் வராது. பாதியில நின்னுக்கிட்டு என்னையே பார்ப்பான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாம நான் சாவி அறுக்கற மெஷினைப் போட்டுவிட்டுக் குனிஞ்சுக்குவேன்.

டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதுல பாதி வலி குறைஞ்சது. "இதுக்கு மேல ஏத்தினா கிட்னி போயிடும்"னு சொல்லிட்டார். அந்த நேரத்துலதான் என் மச்சான் ஒரு பாட்டிலைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னான். வீட்டுக்காரியோட தம்பி. எந்த வியாதிக்கும் அவன் செல்போன்ல ஒரு வீடியோ இருக்கும்.

பாட்டில் மேல ஒரு நாய் பல்லைக் காட்டிச் சிரிக்குது. பக்கத்துல ஒரு இலை. பின்பக்கம் நாலே வார்த்தை: 'இயற்கையானது. அன்பானது. நம்பலாம். குலுக்கவும்.'

"மச்சான், கஞ்சா எண்ணெய். இதைக் குடிச்ச நாய் ஒண்ணு காம்பவுண்டு சுவரே ஏறிக் குதிச்சிருக்கு."

"எங்க நாய் சுவர் ஏறித் திருடப் போக வேண்டாம், எழுந்து நின்னா போதும்"னா என் வீட்டுக்காரி. என்னைப் பார்த்துத் திரும்பினா. "டாக்டரைக் கேக்காம ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது, சொல்லிட்டேன். போய்க் கேட்டுட்டு வாங்க."

போனேன். பாட்டிலை எடுத்து மேஜை மேல வெச்சேன். "டாக்டர், இதைக் கொடுக்கலாமா?"

பதினஞ்சு வருஷமா நாய் பூனைக்கெல்லாம் ஊசி போடற மனுஷன். தடியனை அவர் கூப்பிடறதே "வாடா மாப்ள"ன்னுதான். அவ்வளவு கலகலப்பான ஆள், பாட்டிலைப் பார்த்ததும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். வந்து உட்கார்ந்தார். சுவத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருந்த ஒரு காகிதத்தைக் கண்ணாலேயே காட்டினார்.

மருத்துவப் பேரவைன்னு ஒண்ணு இருக்கு. நாட்டுல இருக்கற நாய் பூனை டாக்டருங்க எல்லாருக்கும் அதுதான் லைசென்ஸ் கொடுக்குது. அதோட சுற்றறிக்கை அது. 'பதிவு பெற்ற மருத்துவர் எவரும், விலங்கின் உரிமையாளர் உரிய படிவத்தில் எழுதிக் கேட்டாலொழிய, மேற்படி தாவரம் குறித்து வாய் திறத்தல் ஆகாது. அப்படிவத்தை, மேற்படி தாவரம் குறித்து உரிமையாளருக்கு வாய்மொழியாக விளக்கிய பின்னரே மருத்துவர் வழங்குதல் வேண்டும்.'

மூணு தரம் படிச்சேன். "டாக்டர், படிவம் வாங்காம நீங்க பேசக் கூடாது. நீங்க பேசாம படிவம் தரக் கூடாது. அப்படித்தானே?"

டாக்டர் விட்டத்தைப் பார்த்தார்.

"சரி, பேச வேண்டாம். நல்லதுன்னா தலையை இப்படி ஆட்டுங்க, கெட்டதுன்னா அப்படி ஆட்டுங்க."

அவர் தலை லேசா அசைஞ்சது. எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது. "ஆமாவா டாக்டர்?"

"ஐயையோ, நான் தலையாட்டலைங்க. கழுத்துச் சுளுக்கு"ன்னார். "போன வருஷம் ஒரு டாக்டர் இந்தக் கேள்வியைக் கேட்டுத் தும்மிட்டு ஆறு மாசம் பேரவைக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தார். நீங்க நேரா பேரவைக்கே போய்க் கேளுங்க. என்னை விட்டுடுங்க, எனக்கும் குடும்பம் இருக்கு."

மறுநாள் கடையைப் பூட்டிட்டுப் பேரவைக்குப் போனேன். ஏழு மாடி. வாசல்ல பித்தளையில ஒரு பசுமாடு, அதோட காலடியில 'வாயில்லா ஜீவன்களின் குரல்'னு எழுதியிருந்தது. கீழ இருந்த கவுன்டர்ல ஒருத்தர் உட்கார்ந்து ரப்பர் ஸ்டாம்பைத் துடைச்சுக்கிட்டு இருந்தார்.

"ஐயா, கஞ்சா பத்தி..."

அவர் பட்டுன்னு ஸ்டாம்பைக் கீழ போட்டார். "உஷ்! இந்த வளாகத்துல அந்த வார்த்தை கூடாது. வி.தா.ன்னு சொல்லுங்க. மூணாவது மாடி."

எனக்கு என்ன தெரியும்? வி.தா.ங்கறது யாரோ பெரிய ஆபீசர்னு நெனச்சுக்கிட்டேன். சட்டைப் பட்டனை எல்லாம் போட்டுக்கிட்டு மூணாவது மாடிக்கு ஏறினேன். அங்க ஒரு அம்மா மூக்குக் கண்ணாடியோட உட்கார்ந்திருந்தாங்க. பேரவையோட செயலர்.

"வணக்கம்மா. வி.தா. ஐயாவைப் பார்க்கணும். எப்ப வருவார்?"

"வி.தா. உள்ளே வரக்கூடாது. தடை செய்யப்பட்டிருக்கிறது."

ஐயோ பாவம், எந்த மகராசன் பெத்த புள்ளையோ, சஸ்பெண்டு பண்ணிட்டாங்க போலன்னு நெனச்சேன். "அப்ப அவரு வீட்டு விலாசமாவது கொடுங்கம்மா. நான் நேர்ல போய்ப் பார்த்துக்கறேன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழட்டி என்னை நல்லாப் பார்த்தாங்க. நானே வி.தா. குடிச்சுட்டு வந்திருக்கேனோன்னு அவங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கணும். "வி.தா. என்றால் விவாதத்துக்குரிய தாவரம். அதன் பெயரைச் சொன்னால் அதை ஆதரிப்பதாகப் பொருள்படும் என்று ஒரு துணைக்குழு கண்டறிந்தது. உட்காருங்கள்."

உட்கார்ந்தேன். எட்டுப் பக்கத்துக்கு ஒரு படிவம் கொடுத்தாங்க. மனுஷங்களுக்கு அச்சடிச்சதுல 'நபர்'னு இருந்த இடத்தையெல்லாம் அடிச்சுட்டு 'நாய்'னு எழுதியிருந்தாங்க. 'நாய் காரணமின்றிச் சிரிக்கிறதா? நாய் வேலைக்குத் தாமதமாகச் செல்கிறதா? நாயின் நண்பர்கள் எப்படிப்பட்டவர்கள்?' எதிர் வீட்டு நாய் ஒரு பொறுக்கி. அதை எழுதலாமா வேண்டாமான்னு கொஞ்ச நேரம் யோசிச்சேன். அஞ்சாம் பக்கத்துல இருந்தது வலி. 'நோயாளி தம் வாயால் தெரிவித்த வலியின் விவரம்.'

"அம்மா, அது நாயி. வாயால எப்படிச் சொல்லும்?"

"அப்படியென்றால் வலி இல்லை என்று எழுதுங்கள்."

"வலி இருக்கும்மா! எந்திரிக்கவே முடியலை!"

"அது நீங்கள் சொல்வது. உங்களுக்கா வலிக்கிறது?"

வலிக்குதும்மா, அதைப் பார்க்கும்போது எனக்குத்தான் வலிக்குதுன்னேன். அந்த அம்மா ஒரு தாளை எடுத்து, உரிமையாளருக்கு உடல்வலி, மனிதர் மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுகிறதுன்னு எழுதி என் கையில கொடுத்தாங்க.

எட்டாம் பக்கம் முடிஞ்சதும்தான் விஷயத்துக்கு வந்தாங்க. பேரவை ஒன்பது வருஷமா வி.தா. நாய்க்கு நல்லதா கெட்டதான்னு ஒரு ஆய்வு நடத்துதாம். அதுல சேர்ற நாயோட சொந்தக்காரருக்குத்தான் பதிலை முதல்ல சொல்லுவாங்களாம். மத்தவங்களுக்கு வரிசைப்படிதான்.

"சேர்க்கறேம்மா, இப்பவே சேர்க்கறேன். தடியனுக்கு இடுப்புல..."

"பொறுங்கள். ஆய்வில் ஆரோக்கியமான நாய்களை மட்டுமே சேர்ப்போம்."

"நோய்க்கு மருந்து வேலை செய்யுதான்னு பார்க்கற ஆய்வுதானேம்மா?"

"நோயுள்ள நாய்களைச் சேர்த்தால், நாய்க்கு வரும் பாதிப்பு நோயால் வந்ததா, வி.தா.வால் வந்ததா என்று குழப்பம் வரும். முதல் வருடம் சேர்த்துப் பார்த்தோம், தரவெல்லாம் கெட்டுப்போய்விட்டது. ஒன்றும் கவலை வேண்டாம், உங்கள் படிவத்தில் வலி இல்லை என்றுதான் இருக்கிறது. ஆரோக்கியச் சான்றிதழ் இங்கேயே தருகிறோம்."

தடியனை யாரும் தொட்டுப் பார்க்கலை. அவன் பாட்டுக்குக் கடை வாசல்ல கிடந்தான். இங்க அவனுக்கு ஒரு நோயும் இல்லன்னு சீல் குத்திக் கொடுத்துட்டாங்க. பதில் கிடைக்குமேங்கற ஆசையில நானும் கையெழுத்துப் போட்டுத் தொலைச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

ஏன்னா, மாத்திரை தீர்ந்துபோய் டாக்டர்கிட்ட போனா, அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டுத் தலையில கை வெச்சுக்கிட்டார். "என்னங்க பண்ணிட்டு வந்திருக்கீங்க? தடியன் ஆரோக்கியமான நாய்னு பேரவையே பதிவு பண்ணியிருக்கு. நல்லா இருக்கற நாய்க்கு நான் எப்படி வலி மாத்திரை எழுதறது? வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதேதான் காட்டும்."

இருந்த ஒரு மாத்திரையும் போச்சு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். வீட்டுக்காரி ஒரு வாரம் என்கூட முகம் கொடுத்துப் பேசலை. தடியனைத் தூக்கி நிறுத்தி, இடுப்புல துண்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வெளிய கூட்டிட்டுப் போவா. "பெரிய ஆராய்ச்சி பண்றாராம்"னு சுவத்தைப் பார்த்துச் சொல்லுவா. அவன் குரைக்கறதைக்கூட நிறுத்திட்டான். குரைச்சா உடம்பு குலுங்கும், குலுங்கினா வலிக்கும்.

சான்றிதழை ரத்து பண்ணுங்கன்னு பேரவைக்கு ஓடினேன். ஆய்வு முடியற வரைக்கும் நாய்க்கு நோய் வர அனுமதி இல்லைன்னுட்டாங்க.

"அப்ப அந்த எண்ணெயையாவது கொடுத்துப் பாருங்கம்மா. அதுக்குத்தானே சேர்த்தேன்?"

செயலர் அம்மா பொறுமையா விளக்கினாங்க. ஆய்வுல ரெண்டு பிரிவு. முதல் பிரிவு நாய்களுக்கு வி.தா. கொடுக்கப்படாது. ஒப்பிட்டுப் பார்க்க ரெண்டாம் பிரிவு. அவற்றுக்கும் கொடுக்கப்படாது.

"ரெண்டு பேருக்கும் இல்லையா?"

"வி.தா. வளாகத்துக்குள் வரக்கூடாதே! எப்படிக் கொடுப்பது? அதனால்தான் ஒன்பது ஆண்டுகளில் எங்கள் ஆய்வில் ஒரு நாய்க்குக்கூடப் பக்கவிளைவு வந்ததில்லை. உலகத்திலேயே பாதுகாப்பான ஆய்வு இதுதான்."

நாயைக் கண்டா கல்லைக் காணோம், கல்லைக் கண்டா நாயைக் காணோம்னு சொல்லுவாங்க. இவங்க ரெண்டையும் தூக்கி வெளிய போட்டுட்டு ஏழு மாடி கட்டி வெச்சிருக்காங்க.

பத்தாவது வாரம் ஒரு கடிதம் வந்தது. ஆய்வோட இறுதி அமர்வு, நாயோட வரணும்னு. நானும் மச்சானும் தடியனைப் பலகையில படுக்க வெச்சுத் தூக்கிட்டுப் போனோம். லிஃப்டுல விலங்குக்கு அனுமதி இல்லையாம், ஏழாவது மாடிக்குப் படியில ஏறினோம். நாலாவது மாடியில மச்சான் மூச்சு வாங்கிக்கிட்டே, "மச்சான், பேசாம நானே அந்த எண்ணெயைக் குடிச்சிருக்கலாம்"னான். "எல்லாம் உன்னாலதாண்டா, வாயை மூடிக்கிட்டுத் தூக்கு"ன்னேன்.

பெரிய ஹால். தரை முழுக்கக் கம்பளம். தடியனோட டாக்டரையும் சாட்சியா வரவழைச்சிருந்தாங்க. பையை மடியில வெச்சுக்கிட்டு ஓரமா உட்கார்ந்திருந்தார். பேரவைத் தலைவர் நடுவுல வந்து நின்னு தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே! விலங்குகளுக்கு வி.தா. நன்மையா தீமையா? ஒன்பது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் காத்து வருகிறோம். பதில் சொல்வது எளிது. பெட்டிக்கடைக்காரன்கூடச் சொல்லிவிடுவான். சொல்லாமல் இருப்பதற்குத்தான் ஒரு பேரவை தேவைப்படுகிறது. நல்லது என்று சொன்னால், ஒரு நாய் செத்தால் நம்மைக் கேட்பார்கள். கெட்டது என்று சொன்னால், ஒரு நாய் வலியில் துடித்தால் நம்மைக் கேட்பார்கள். நாம் எதுவும் சொல்லாததால் நாய்கள் செத்தும் இருக்கின்றன, துடித்தும் இருக்கின்றன. ஆனால் நம்மை யாரும் கேட்டதில்லை!"

எல்லாரும் கை தட்டினாங்க. டாக்டர் மட்டும் பையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இருந்தார்.

"இதோ, நம் ஆய்வில் கலந்துகொண்ட நாய். இதன் உரிமையாளர் இதற்கு வலி இருப்பதாக மனு மேல் மனு போடுகிறார். நம் சான்றிதழோ இல்லை என்கிறது. நேரிலேயே பார்த்துவிடுவோம்." தலைவர் தடியன்கிட்ட வந்து குனிஞ்சார்.

"ஐயா, இடுப்புல மட்டும் கை வைக்காதீங்க ஐயா."

"சான்றிதழ் பொய் சொல்லாது"ன்னுட்டு, கட்டை விரலால இடுப்பெலும்பைப் பார்த்து ஒரு அமுக்கு அமுக்கினார்.

பன்னெண்டு வருஷத்துல தடியன் ஒரு குழந்தையைக்கூடப் பல்லைக் காட்டி மிரட்டினதில்லை. அன்னைக்குக் கடிச்சான் பாருங்க. கையை நல்லாக் கவ்விப் பிடிச்சுக் கடிச்சான்.

"ஐயோ! அம்மா! வலி! வலி! உயிர் போகுதே!" தலைவரோட செந்தமிழெல்லாம் போன இடம் தெரியலை. செயலர் அம்மா பதற்றத்துலயும் குறிப்பேட்டை விடலை. 'தலைவர் தம் வலியைத் தம் வாயால் தெரிவித்தார்'னு எழுதிக்கிட்டாங்க.

"யோவ் டாக்டர்! ஊசி வெச்சிருக்கியா? போடுய்யா!"

டாக்டர் எழுந்து வந்தார். பையைத் திறந்தார். வலிக்கான ஊசியை எடுத்து மருந்தை ஏத்தினார். தலைவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு மறு கையை நீட்டினார். டாக்டர் அவரைத் தாண்டி மண்டிபோட்டு உட்கார்ந்து, "மாப்ள, கொஞ்சம் பொறுத்துக்கோடா"ன்னு சொல்லி, ஊசியைத் தடியனுக்குப் போட்டார்.

"எனக்குப் போடச் சொன்னேன்யா!"

"நான் நாய் டாக்டர் ஐயா. உங்களுக்குப் போட எனக்கு அனுமதி இல்லை"ன்னார். குரல் நடுங்குச்சு, ஆனா சொல்லிட்டார்.

கொஞ்ச நேரத்துல தடியன் காலை நீட்டினான். தலையைக் கம்பளத்துல சாய்ச்சு ஒரு நீளப் பெருமூச்சு விட்டான். எத்தனையோ வாரத்துக்கு அப்புறம் அவன் உடம்பு தளர்ந்ததை அன்னைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துடுச்சு. கூடவே அந்த ஏழு மாடியையும் தரைமட்டமாக்கணும்னு வெறியும் வந்தது. இதே ஊசியைப் பத்து வாரம் முன்னாடியே போட்டிருக்கலாமே, பாவிங்களா!

அடுத்த வாரம் ஆய்வு முடிவைத் தபால்ல அனுப்பினாங்க. முதல்ல எனக்குத்தான், வாக்குத் தவறலை. 'ஆய்வில் பங்கேற்ற நாய், வி.தா. அறவே கொடுக்கப்படாத நிலையிலேயே தலைவரைக் கடித்துள்ளது. கொடுக்காதபோதே இவ்வாறு கடிக்கும் நாய், கொடுத்திருந்தால் என்ன செய்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக உள்ளது. எனவே இது குறித்து மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆராயப் பரிந்துரைக்கப்படுகிறது. கடித்த குற்றத்துக்காக நாயின் ஆரோக்கியச் சான்றிதழ் பறிக்கப்படுகிறது.' இன்னொரு வரியும் இருந்தது. ஆரோக்கியமான நாய்க்கு ஊசி போட்ட குற்றத்துக்காக டாக்டரோட பதிவை ரத்து பண்ணிட்டாங்க.

படிச்சுட்டு, என் நாயால ஒரு நல்ல மனுஷன் பொழப்பு போச்சேன்னு தலையில கை வெச்சு உட்கார்ந்திருந்தேன். காலையில பதினோரு மணி இருக்கும். டாக்டரே கடைக்கு வந்தார். கையில பை இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தடியனோட காதைச் சொறிஞ்சுவிட்டுக்கிட்டே, "அந்த பாட்டில் இருக்கா? எடுங்க"ன்னார்.

எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைக் கொடுக்காதீங்க. அந்தச் செடியிலேயே ரெண்டு விதச் சத்து இருக்கு. ஒண்ணு போதை ஏத்தறது. அது நாய்க்கு ஆகவே ஆகாது. தள்ளாடும், தன்னை அறியாம மூத்திரம் ஒழுகும், அதிகமாப் போனா ஆபத்து. இன்னொண்ணு போதை ஏத்தாதது. அதுல சில நாய்க்கு மூட்டு வலி குறைஞ்ச மாதிரி தெரிஞ்சிருக்கு, சிலதுக்கு ஒண்ணும் ஆகலை. உறுதியாச் சொல்ற அளவுக்கு இன்னும் யாருக்கும் தெரியாது. உங்க பாட்டில்ல எது இருக்கு, எவ்வளவு இருக்குன்னு ஒரு வரிகூடப் போடலை. இதை நம்பி நாயை விடக் கூடாது. இப்ப சான்றிதழ் போயிடுச்சு இல்ல? இன்னைக்கே வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ரத்தம் பார்த்துட்டு, பழைய மாத்திரையைத் திரும்ப ஆரம்பிங்க. கூடவே சேர்த்துக் கொடுக்க வேற மாத்திரை இருக்கு, அவரைக் கேளுங்க. வழுக்கற தரையில பாய் போடுங்க. உடம்பைக் கொஞ்சம் இளைக்க வைங்க. அவ்வளவுதான்."

அவ்வளவேதான். ஒரு சாவி அறுக்கற நேரம்கூட ஆகலை. பதினோரு வாரம் எங்க தடியன் துடிச்சதும், என் வீட்டுக்காரி துண்டைக் கட்டித் தூக்கினதும், ஏழு மாடியும், எட்டுப் பக்கப் படிவமும், எல்லாம் இந்த நாலு வார்த்தைக்குத்தான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்தது. நல்ல மனுஷன்னுகூடப் பார்க்கலை, அவர் மேலேயே பாஞ்சுட்டேன்.

"எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே டாக்டர், இதை முதல் நாளே என்கிட்ட சொல்லியிருந்தா என்ன?"

அவர் பாட்டிலைக் கீழ வெச்சார். தடியனைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கலை.

"எப்படிங்க சொல்றது? அன்னைக்கு நான் டாக்டரா இருந்தேனே."